மாதிரி 41, கறுப்பு

கோணம் தொழிற்பேட்டையில்
கரண்ட் போனால் நான் முதலில் ஓடுவது
இன்குபேட்டரிடம்.
முப்பத்தேழு டிகிரி.
காய்ச்சலில்லாத உடம்பின் சூடு,
உடம்பு மட்டும் இல்லை.

உள்ளே ஒரு சுண்டெலியின் செல்கள்.
எலி செத்து எண்பது வருடம் தாண்டிவிட்டது,
செல்களிடம் யாரும் சொல்லவில்லை.
குப்பிக்குக் குப்பி குடிமாறி
கடைசியில் என் கைக்கு வந்தன.
நான் லீவு போட்டால் பட்டினி.

சோதனைக்கு வந்திருப்பது செயற்கை முடி.
ஒவ்வொரு இழையின் அடியிலும் ஒரு முடிச்சு,
மண்டைத் தோலுக்குள் நங்கூரம் போட.
குளச்சல்காரி எனக்குச் சிரிப்பு வந்தது:
வலைக்குப் போகிற அதே நைலான்,
இன்னும் மெல்லிசாய்,
விலை மட்டும் நூறு மடங்காய்.

இழைகளை ஒரு நாள் ஊறவைத்தேன்.
ஊறிய நீரைச் செல்களுக்குக் குடிக்கக் கொடுத்து
இன்னொரு நாள் காத்திருந்தேன்.
பிறகு மஞ்சள் கரைசல்.
உயிருள்ளது மஞ்சளைத் தின்று
நாவல்பழ நிறமாகும்.
செத்தது மஞ்சளாகவே கிடக்கும்.

சாயமேற்றாத இழை: நாவல்.
பழுப்பு: நாவல்தான், சற்று வெளுத்து.
கறுப்பு
எட்டுக் குழியிலும் மஞ்சள்.

மூன்று முறை திரும்பச் செய்தேன்.

கம்பெனி ஆள் அஜின்ராஜ்
மார்த்தாண்டத்திலிருந்து பைக்கில் வந்தார்.
வெகுநேரம் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
கழற்றியபோது புரிந்தது.
முப்பது வயசுகூட இருக்காது.

"நைலானுக்குக் கொழப்பம் ஒண்ணும் இல்லல்லா?"
இல்லை. சாயம்தான்.
"வெள்ள முடிய நட்டுட்டு நான் எங்க போவேன் மேடம்?
எழுபதுக்கு மேலன்னு ஒரு வரி எழுதப்பிடாதா?"
இருந்தது பத்தொன்பது.

என் அண்ணன் ததேயுஸின் உள்ளங்கையில்
பதினொரு வருடமாய் ஒரு துண்டுத் தங்கூசி.
சூரை இழுத்த நாளில் உள்ளே அறுந்தது.
உடம்பு சண்டை போட்டுப் பார்த்து, சலித்து,
சுற்றி ஒரு சுவர் எழுப்பி உட்காரவைத்துவிட்டது.
தொட்டால் அரிசி போல உருளும்.
அஜின்ராஜின் தலைக்கு ஆயிரம் அரிசி.
வெள்ளையென்றால் அதையும் பொறுத்திருக்கும்.

பத்தொன்பது என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் போகாமல் நின்றார்.
"பழுப்புன்னா, எவ்வளவு பழுப்பு?"
ஓர் இழையை எடுத்துக் கொடுத்தேன்.
ஜன்னலோரம் புருவத்தருகே பிடித்துப் பார்த்தார்.
ஆடிக்காற்று பிடுங்கிக்கொண்டது.

இரண்டு பேரும் முட்டிபோட்டு
தரையில் தேடினோம்,
மேசைக்கடியில், தராசுக்குப் பின்னால்.
கிடைத்தது
என்னுடைய முடி.