இஸட்டில் தொடங்கும் பாலம்

நாலேகால் மணிக்கு விப்ரென் அழைத்தான்.
"யெல்த்யே, பாலம் திறக்க மாட்டேன் என்கிறது."
ஸ்நேக்குக்குத் தெற்கே, கால்வாய் மூடுபனியில்,
மணல் ஏற்றிய படகு ஒன்று
இருபது நிமிடமாக ஊதிக்கொண்டிருந்தது,
தொலைபேசி வழியே எனக்கும் சேர்த்து.

கணினியை மடியில் வைத்தேன்.
பதிவேட்டில் ஒரு பிழையும் இல்லை.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.
விழுந்த நிரல் சத்தம் போடும்.
காத்திருக்கும் நிரல்
காத்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லாது.

தடுப்புக்கட்டை நான் எழுதிய கிளாஸ்,
பாலம் அவனுடையது.
பிறக்கும்போதே என் கட்டை பாலத்தைத் தேடும்,
பாலம் கட்டையைத் தேடும்.
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்,
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்.
ஆனால் அவன் பாலம் கொஞ்சம் அலட்சியம்:
கட்டையைக் காணோமா,
அப்புறம் பார்ப்போம் என்று எழுந்துவிடும்.
என்னுடையது கண்டிப்பு,
பதில் வரும்வரை நகராது.
அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பின் எப்படி மூன்று வருடம் ஓடியது?

கோப்புகள் அகரவரிசையில் ஏறின.
'புரூக்' பி-யில், 'ஸ்லாக்போம்' எஸ்ஸில்.
பாலம் முதலில், கட்டை பிறகு.
யாரும் யோசித்து வைத்த வரிசையல்ல.
வடக்கே இன்னொரு பாலம் வருகிறதென்று
நேற்று மாலை விப்ரென்
தன் கோப்புக்கு 'ஸௌடர்புரூக்' என்று பெயர் மாற்றினான்.
தெற்குப் பாலம்.
நியாயமான பெயர்தான், இஸட்டில் தொடங்கியது.
மூன்று மணிக்கு இயந்திரம் மறுபடி விழித்தபோது
என் கட்டை வாசலை மறித்து நின்று
பின்னால் நிற்கும் பாலத்துக்காகக் காத்திருந்தது.

"பழைய பெயரையே வை," என்றான்.
வைத்தேன். மணல் படகு போனது.
போகும்போதும் ஒரு முறை ஊதினாள் படகுக்காரி,
நன்றியாக இருக்காது.

விடிந்ததும் காகிதத்தில் அம்புகள் போட்டோம்.
யாருக்கு யார் வேண்டும்.
ஒரு அம்பு திரும்பி வந்து
கிளம்பிய இடத்தையே குத்தியது.
அந்த இடத்தை அறுத்து,
யாரையும் தெரியாத
சின்ன கிளாஸ் ஒன்றை உள்ளே வைத்தோம்.
அதற்கு 'நிலை' என்று பெயர்.
பாலம் அதில் எழுதும், கட்டை அதைப் படிக்கும்,
மற்றபடி பேச்சுவார்த்தை இல்லை.

பிறப்பது வேறு, வேலை தொடங்குவது வேறு
என்று பிரித்தோம்.
எல்லாரும் கேள்வி கேட்காமல் பிறக்கட்டும்.
பிறகு, எழுத்தில், ஒரே இடத்தில்:
மணி, விளக்கு, கட்டை, பூட்டு, பாலம்.

விப்ரென் காபி எடுக்கப் போனான்.
அவன் வருவதற்குள்
வேண்டுமென்றே
பாலத்தை மறுபடி இஸட்டுக்கு அனுப்பினேன்.
இயந்திரத்தை அணைத்தேன்.
போட்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்று விநாடி.

மணி அடித்தது.