இருக்கும்

டாண்டினோங் நூலகத்தின் மேல்மாடி,
வியாழன் மாலை ஆறரை.
பச்சை மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றி
கிளெனிஸ் சொன்னாள்:
ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று சொந்த விகுதி கிடையாது,
அங்கே இங்கே கடன் வாங்கிச் சமாளிக்கிறது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
கடன் வாங்கிச் சமாளிப்பது எனக்குத் தெரிந்த கலை.

முதலில் 'வில்'.
பலகையில் அவள் எழுதியதும்
என் தலைக்குள் மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.
நாணேற்று என்றான் ஒருவன்.
இருப்பதை விற்றுவிடு என்றான் இன்னொருவன்.
மூன்றாமவர் மன்னார் நொத்தாரிசு,
முத்திரைத் தாளில் பெரியப்பாவின் உயிலை
மூக்குக்கண்ணாடி வழுக்க வழுக்க வாசித்தபடி.
இந்தச் சொல் எங்களிடம் முன்பே வந்திருக்கிறது,
செத்தவர் எழுதிவைத்த நாளையாக.

'கோயிங் டு' வேறு. அதற்குச் சாட்சி வேண்டுமாம்:
மேகம் கறுத்திருக்கிறது, ஆகவே பெய்யப்போகிறது.
என் சாட்சிகளை எண்ணிப் பார்த்தேன்.
கீரை பொதி செய்யும் ஆலையில் மேற்பார்வையாளர்
இந்தக் கிழமை என் பெயரைச் சரியாகச் சொன்னார்.
வீட்டுக்காரர் இரண்டு மாதமாக ஒன்றும் கேட்கவில்லை.
இதில் எது பெய்யப்போகிறது?

ரயிலுக்கு எதிர்காலமே தேவையில்லை.
அட்டவணையில் ஏறியதெல்லாம் நிகழ்காலம்:
கிரான்போர்ன் ரயில் எட்டுப் பன்னிரண்டுக்குப் புறப்படுகிறது.
ஹமீதுல்லா கை தூக்கினார்,
'நேற்றுப் புறப்படவில்லையே?'
அது இலக்கணத்தின் குற்றமில்லை என்றாள் கிளெனிஸ்.
எல்லோரும் சிரித்தோம், நேற்று
நடைமேடையில் குளிரில் நின்றவர்கள் உட்பட.

வீட்டுப்பாடம்: ஒரு நாளைப் பற்றிப் பத்து வரி.
அடம்பனில் கணக்குப் படிப்பித்த நாளை நான் எழுதினேன்,
தமிழில் நினைத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி.
ஏழரைக்குச் சைக்கிளில் போவேன்.
பலகையின் வலது மூலையில் திகதி போடுவேன்.
பின்வாங்கு அஜந்தன் பின்னத்தைக் கண்டால் அழுவான்.
அவன் மேசையில் எட்டுத் தோடஞ்சுளை வைப்பேன்.
மூன்றைத் தின்னவிட்டு
மிச்சம் எத்தனையில் எத்தனை என்று கேட்பேன்.

எங்கள் மொழியில் இது முடிந்துபோனது.
தினமும் நடந்து, ஒரு நாள் நின்றுபோனது.
பழக்கத்துக்கும் நாளைக்கும் ஒரே விகுதியை வைத்துக்கொண்ட
சிக்கனக்காரர்கள் நாங்கள்.

அடுத்த வியாழன் தாள் திரும்பி வந்தது.
எல்லா வில்லும் சரி.
அடியில் பச்சை மையில்:
'அருமையான திட்டம்! அஜந்தன் அதிர்ஷ்டக்காரன்.'

'யூஸ்ட் டு' என்று ஒன்று இருக்கிறது, பதினோராம் பாடத்தில்.
அதை வைத்துப் பத்து வரியையும் இறந்தகாலத்துக்கு இழுக்க
அரை மணி நேரம் போதும்.
இழுக்கவில்லை.
தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன்,
'நீங்கள் அறிவிக்கப்படுவீர்கள்' என்று
யார், எப்போது என்பதை விட்டுவிட்டு
விசா அலுவலகம் எழுதிய கடிதத்துக்குப் பக்கத்தில்.
அதுவும் ஒரு வில் தான். நாண் மட்டும் அவர்கள் கையில்.

வெள்ளி காலை. பருப்பு கொதிக்கிறது.
யாரோ கதவைத் தட்டினார்கள்.
குளியலறைக்குள்ளிருந்து அச்சோல் கத்தினாள்,
அதே வகுப்பில் நேற்றுப் படித்த மிடுக்கோடு,
தபால்காரராக இருக்கும் என்று.

அவள் சொன்னது ஆங்கிலத்தில்.
எனக்குக் கேட்டது தமிழில்: இருக்கும்.
இந்த ஒரு சொல்லில் மட்டும் இரண்டு மொழியும்
ஒரே கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கின்றன,
அந்தப் பக்கம் யாரென்று தெரியாமல்.

அடுப்பைக் குறைத்துவிட்டு
இடது கால் செருப்பைத் தேடினேன்.