நாலு மாச வாடகை

லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்கி இடது பக்கம்,
இரண்டாம் மாடியில் உடற்பயிற்சிக்கூடம்.
டிரெட்மில்லுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே
சுவரைப் பார்த்து நின்றிருந்தது டபுள் பேஸ்,
கடன் கொடுத்தவர் எதிரே வந்துவிட்டதுபோல.

"ஜெர்மனி மேடம்" என்றார் முனிரெட்டி.
"உள்ளே சீட்டு ஒட்டியிருக்கு, பாருங்க.
நாலு மாச வாடகை பாக்கி.
ஆளு ஓடிட்டான். இது ஓட முடியல."

பையிலிருந்து டார்ச்சை எடுத்தேன், தையல் டேப்பை எடுத்தேன்,
பல் வைத்தியரிடம் கேட்டு வாங்கிய குட்டிக் கண்ணாடியை எடுத்ததும்
பிரசவ அறைக்கு வெளியே நிற்பவராய்
இரண்டடி விலகிக்கொண்டார்.

சீட்டில் ஓர் ஊர், ஓர் ஆண்டு, வளைந்து வளைந்து ஒரு கையெழுத்து.
மசியில் பொடிப்பொடிப் புள்ளிகள். அச்சு.
சீட்டுகளை நான் நம்புகிறவள் அல்ல.
குடியாத்தத்தில் எனக்குத் தந்த சான்றிதழில்
அப்பா மாசிலாமணிக்கு ஒரு துணைக்கால் கிடையாது.
மசிலாமணியின் மகளாகத்தான் இத்தனை வேலையும் பார்த்தேன்.

துளையின் விளிம்பில் நகத்தை ஓட்டினேன்.
ஒரே மரமாயிருந்தால் மேலே ஓடும் ரேகை
விளிம்பில் மடங்கி உள்ளே இறங்கும்.
இங்கே வெள்ளை, பழுப்பு, வெள்ளை.
பிளைவுட்.
விரற்பலகை கருங்காலி இல்லை, கருப்புப் பெயின்ட்;
பூசியவரின் கட்டைவிரல் ரேகை
கழுத்தடியில் அப்படியே காய்ந்திருந்தது.
முறுக்காணிகளில் மூன்று உடன்பிறந்தவை.
நான்காவது மாப்பிள்ளை வீட்டார்.

கண்ணாடியை வயிற்றுக்குள் விட்டேன்.
பழைய விரிசலொன்றுக்கு ஒட்டுப்போட்டிருந்தார்கள்,
தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டால்.
இடவலம் மாறி, வெட்டுப்பட்டு, பாதி வார்த்தை:
"ன்னூர்."
குன்னூராய் இருக்கலாம்.
செங்கன்னூரில் தேயிலை ஏது?

"எந்த ஊர் மேடம்?"
"கழுத்து ஒரு ஊர், உடம்பு ஒரு ஊர்,
ஒட்டு நம்ம பக்கம்."
"அப்போ பெங்களூருன்னு எழுதிக்குங்க."

எண்பத்தைந்து சொன்னார்.
முப்பது என்றேன், பெயின்டைச் சுரண்டிக் காட்டி.
அறுபது என்றார்.
முப்பதிலேயே நின்றேன்.

பிறகு, சும்மா பார்ப்பதற்காக,
துருவேறிய தந்திகளைக் காது பிடித்துச் சேர்த்தேன்.
மேல்தந்தியைச் சுண்டினேன்: அட்டைப்பெட்டி.
அடுத்தது: பரவாயில்லை என்று சொல்வார்களே, அது.

கடைசியாகக் கீழ்த்தந்தி.

சத்தம் என்று அதைச் சொல்லமாட்டேன்.
தரை என் செருப்புக்குள் வந்தது.
ஸ்டாண்டில் அடுக்கியிருந்த இரும்புத் தட்டுகள்
ஒன்றையொன்று லேசாகத் தட்டிக்கொண்டன.
பெஞ்சில் படுத்துத் தூக்கிக்கொண்டிருந்த பையன்
பாதியிலேயே நிறுத்திக் கேட்டான், கை நடுங்க நடுங்க.
விரலை எடுத்த பிறகும் அது
கீழ்வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது.

உதட்டின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன்.
முகத்தைக் கல்லாக்கி,
அவருக்கு முதுகைக் காட்டித்தான் நின்றேன்.
ஆனால் உடற்பயிற்சிக்கூடம்.
நாலு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி.

"அறுபதுக்கு ஒரு பைசா குறையாது மேடம்" என்றார்,
எல்லாத் திசையிலிருந்தும் என்னைப் பார்த்துக்கொண்டே.

கொடுத்தேன். முப்பது மரத்துக்கு,
முப்பது என் மூஞ்சிக்கு.
டாடா ஏஸில் ஏற்றிப் பழைய போர்வை சுற்றி
நானும் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டேன்.
பாலத்தில் ஒவ்வொரு இணைப்பையும் தாண்டும்போது
போர்வைக்குள் அது தானாக முனகியது.

வீட்டுக்கு வந்து வில்லால் இழுத்தபோதுதான் தெரிந்தது:
மூன்றாம் தந்தியில், நடுவில் ஓரிடத்தில்,
எப்படிப் பிடித்தாலும் உறுமுகிறது.
அதைச் சொல்லி ஐந்தாயிரமாவது
குறைத்திருக்கலாம்.