ஏழாவது பெயர்

கல்லாற்றுச் சபையின் அங்கத்தினர் பேரேட்டில்
ஏழாவது பெயர் என்னுடையது:
யோசியா வயிரமுத்து, எழுத்தர்.
அதை எழுதியதும் நான்தான்.
அந்த வருடம் மை நன்றாக வாய்த்திருந்தது.

சபையில் சேரச் சாட்சி வேண்டும்.
எந்த நாளில், எந்த நாழிகையில்
கர்த்தர் உன்னைத் தொட்டார் என்று
கிராம்ப்டன் ஐயர் முன்னால் எழுந்து சொல்ல வேண்டும்.
பிறகு ஒரு வருடம் சோதனைக்காலம்.
பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்றாய்
விரலகலச் சீட்டு.

என் தாயின் குடியில் இதெல்லாம் இல்லை.
அவள் வயிற்றில் கிடந்தேன், அது போதும்.
கோயில் முற்றத்தில் எங்கள் குடிக்கு உரிய இடத்தில்
நாழிகை கேளாமலே நிறுத்தினார்கள்.

இங்கே எல்லோருக்கும் ஒரு புயல் இருந்தது,
இல்லாவிட்டால் ஒரு வாந்திபேதி.
எல்லோரும் கதையின் ஒரே இடத்தில் அழுதார்கள்.
தோணிக்காரன் சீனித்தம்பியின் கைம்பெண்
எப்சிபாள் மட்டும்,
"நாளொண்டும் தெரியா ஐயா.
விடியிற மாதிரித்தான்.
எப்ப விடிஞ்சதெண்டு ஆரு பாத்த?" என்றாள்.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
சோதனையில் வைக்கப்பட்டாள்.
ஆறு வருடம் அதையே எழுதினேன்.

அந்த மார்கழியில் ஒன்பது நாள் அடைமழை.
வாவி ஏறி வேலிக்காலைத் தொட்டது.
ஆற்றுவாயில் மணல் அடைத்துக் கிடந்தது.
வெட்டினால் வெள்ளம் கடலுக்கு ஓடும்;
வெட்டாவிட்டால்
குடலைப் பருவத்து வெள்ளாமை அழுகும்.
பறை கேட்டது ஞாயிறு காலை,
முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில்.

ஐயர் வாசலில் நின்று தலைகளை எண்ணினார்.
உள்ளே பதினான்கு பேர்.
நீண்ட ஜெபத்தின் பாதியில்
பெரிய பாயொன்றைக் கிழிப்பது போல
கிழக்கே ஒரு சத்தம்.
வெட்டிவிட்டார்கள்.
கண்ணை மூடியபடியே மூச்சுவிட்டேன்.
எனக்கும் அங்கே ஓரவண விதைப்பு வயல்.

திங்கட்கிழமை பதினொரு பெயர்களை அடித்தேன்,
ரூல்தடி வைத்து, சிவப்பு மையில்:
ஓய்வுநாளை மீறியவர்கள்.
மனம் வருந்தினால் திரும்ப எழுதலாம்.
ஒன்பது பேர் வருந்தினார்கள்.
ஒருவர் வேதக்கோயிலை மாற்றிக்கொண்டு
கத்தோலிக்கரிடம் போனார்.
மீதி எப்சிபாள். ஓலைப்பெட்டியில் மணல் சுமந்தவள்.
கால்விரல் இடுக்கில் சேறு இன்னும் காயவில்லை.
"நோகாத மனத்த நோகுதெண்டு சொன்னா
பொய்தானே ஐயா, அதுவும் உங்கட முன்னால.
அப்படியே எழுதட்டும் எழுத்தர்."
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
ஆனாலும் பேனா முனையில் மை உலர்ந்துபோனது.

என் சாட்சியைச் சொல்கிறேன்.
யாழ்ப்பாணத்திலிருந்து வந்த துண்டுப்பிரசுரமொன்றில்
ஒரு மாலுமி கப்பலில் மனந்திரும்பிய கதை இருந்தது.
கப்பலைத் தோணியாக்கினேன்.
கடலை வாவியாக்கினேன்.
இடியை அப்படியே விட்டுவைத்தேன்.
ஐயர் கண்கலங்கி என் இரு கைகளையும் பிடித்தார்.
எனக்கு எழுத்தர் வேலை வேண்டியிருந்தது, உண்மை.
அவரை அழவைத்தது பிடித்திருந்தது,
அதுவும் உண்மை.

மாசியில் சூடடித்தோம்.
நல்ல விளைச்சல்.
முதல் சோற்றில் மணல் கடிபடுமோ என்று
நாவால் துழாவினேன்.
வெறும் சோறு. இனித்தது.

அவள் ஞாயிறுதோறும் வந்தாள்.
சீட்டில்லாதவர்களுக்குக் கதவோரம்.
அங்கே நின்று பாடுவாள்,
எங்களுக்கு ஓர் அடி முந்தியே போகும் அவள் குரல்.
யாரும் திருத்தவில்லை.

ஐயர் கப்பலேறிவிட்டார்.
புதியவர் வந்து சேரும்வரை
பேரேடு என் வீட்டில்.
சிவப்பு மைக்கூடும் ரூல்தடியும் பக்கத்தில்.
நேற்றிரவு ஏழாவது வரியில் தடியை வைத்தேன்.
எடுத்தேன். மறுபடி வைத்தேன்.
விளக்கு தணிந்தது, எண்ணெய் ஊற்றினேன்.
குறிப்பு என்ற கட்டம் மிகச் சிறியது.
எனக்குக் கொஞ்சம் கூடுதலாக
எழுத வேண்டியிருக்கிறது.