அவுட்பாக்ஸில் ஒன்று

குளச்சல், கோயிலுக்குப் பின்தெரு, வலைக்கடை.
புது நைலானின் வாசமும் கருவாட்டு வாசமும்
ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காத அறை.
ஷிஃப்ட் கீயை அழுத்தினால் இறங்கும், ஏறாது.
உப்புக்காற்று.

"மெயிலு வருது ஷமீலா, போவமாட்டேங்குது"
என்றார் எமரென்சியா அக்கா.
தக்கலையிலிருந்து மழையில் நனைந்து வந்தவளுக்கு
ஒரு கட்டன்சாயா, துடைக்க ஒரு துவர்த்து.

வருவதற்கு ஒரு வாசல்
போவதற்கு வேறொரு வாசல் என்று
இந்த மனுசிக்கு யாரும் சொல்லவில்லை.
993 வழியே
கயிறு விலை, கண்ணி விலை எல்லாம்
நாள் தவறாமல் கரையேறியிருக்கின்றன.
போகிற வாசலிலோ
என்றோ இழுத்து மூடிய ஒரு கம்பெனியின் சர்வர் பெயர்
கிழியாத போஸ்டர்போல ஒட்டிக்கொண்டிருந்தது.
அனுப்ப வேண்டியதையெல்லாம்
அக்கா போனிலேயே அனுப்பிப் பழகிவிட்டார்.

பெயரை மாற்றினேன்.
போர்ட் 587.
பாஸ்வேர்டு பங்குக் காலண்டரின் பின்பக்கம்,
பால் கணக்குக்குக் கீழே இருந்தது.
எனக்கு நானே 'சோதனை' என்று ஒன்று அனுப்பினேன்.
பைக்குள் போன் துடித்தது.
வேலை முடிந்தது.
புரோகிராமை ஒருமுறை மூடித் திறந்தேன்,
எதற்கும் இருக்கட்டுமென்று.

அடியில் ஒரு பச்சைக்கோடு தானாக ஓடியது:
அனுப்பப்படுகிறது, 1 / 1.

"அதென்ன பிள்ளே போவுது?"

அனுப்பியவை என்ற பெட்டியைத் திறந்தேன்.
பெறுநர்: கிளீட்டஸ், மஸ்கட்.
பொருள்: எஞ்சின் கணக்கு.
தேதி: 26 ஜூலை 2019.
படிக்கக் கூடாது. படித்துவிட்டேன்.

*தம்பி, பழைய நோட்டு கெடச்சுது.
நீ ரூவா தந்திருக்கே.
நான்தான் எழுத விட்டுப்போட்டேன்.
நாலு ஆளு முன்ன வச்சு
உன்னைக் கள்ளன்னு சொன்னேனே.*

அவ்வளவுதான். பொறுத்துக்கோ என்றுகூட இல்லை.

அக்கா ஈயக்குண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.
"அண்ணைக்கு காத்து. கேபிளு அறுந்து கெடந்து.
அமுக்கினேன், ஜன்னல் மூடிச்சு,
போச்சுன்னுதான் நெனச்சேன்."
கையில் ஒரு குண்டை எடுத்து உருட்டினார்.
"அவனுக்க மோளுக்க ஞானஸ்நானத்துக்கு கார்டு வந்துது.
நான் போவல்ல.
லெட்டருக்குப் பதில் போடாதவன்
கார்டு போட்டா ஆச்சான்னு."

வெளியே யாரோ முக்கால் கிலோ நரம்பு கேட்டார்கள்.
இல்லை என்றார், பின்னால் மூன்று சுருள் இருந்தும்.

"இப்ப கெடச்சிருக்கும், இல்லியா?"

கிடைத்திருக்கும் அக்கா. ஆனால்.
இதை எப்படிச் சொல்ல?
நீங்கள் அமுக்கிய நாளின் தேதிதான் அதன் நெற்றியில்.
அவர் பெட்டி தேதி வாரியாக அடுக்கியதென்றால்
மேலே வந்து நிற்காது.
வங்கிக் கடிதம், விமான டிக்கெட், ஆடித் தள்ளுபடி,
அதற்கும் கீழே, அதற்கும் கீழே
2019க்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கையிலிருந்த குண்டைப் பார்த்தார்.
"அப்ப ஒரு மிதப்பு கெட்டணும்" என்றார்,
வியாபாரக் குரலில்.

ஒற்றை விரல். 'ர'வுக்கு 'ற' விழுந்து,
அழித்து, மறுபடி 'ற' விழுந்து,
இருக்கட்டும் என்று விட்டார்.

*2019 ஜூலைக்கு எறங்கிப் பாறு.*

அமுக்கினார்.
பெட்டி ஒன்று எழும்பிக் கேட்டது:
பொருள் இல்லாமல் அனுப்பவா?

அக்கா என்னைப் பார்த்தார்.
நான் மழையைப் பார்த்தேன்.
ஆம் என்பதன்மேல் அம்பு நடுங்கி நின்று
பிறகு அழுந்தியது.
அவுட்பாக்ஸில் எண் இல்லை.
அதை நம்பாமல் மூன்றுமுறை திறந்து பார்த்தார்.

இரணியல் தாண்டித்தான் நினைவு வந்தது,
கூலி வாங்கவில்லை.
துவர்த்தும் என் தோளிலேயே.