தண்ணீரைச் சுருக்கேலாது

எழுபது அடிப் பயணிகள் படகு.
நாங்கள் கட்டியது ஏழு அடி.
நீளத்தை நீ பத்தால் பிரித்தாய், குலமணி,
பாரம் தன் பாட்டுக்கு ஆயிரத்தால் பிரிந்தது.
அறுபது தொன், அறுபது கிலோ.

குருநகர் ஐஸ் பக்டரித் தராசில்
மீன்பெட்டியைத் தள்ளிவிட்டு ஏற்றிப் பார்த்தோம்:
பிளைவூட், பைபர், பெயின்ற், எல்லாம் சேர்த்துப் பதினெட்டு.
மிச்சம் நாற்பத்திரண்டை எதால் நிரப்புவது
என்பதில் தொடங்கியது சண்டை.

நீ லித்தியம் என்றாய்.
பாரமில்லாததைக் காசு கொட்டி வாங்கி
பிறகு அடியில் கல் அடுக்குகிறதோ?
ஓட்டோ பற்றறி இரண்டு போதும்.
கல்லாயும் கிடக்கும், கரண்டும் தரும்.
குறைவுக்கு வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு.
இரண்டு நாள் நீ என்னோடு கதைக்கவில்லை.

மோட்டர் தேடி ஸ்ரான்லி வீதியில் மூன்று சனிக்கிழமை.
பஸ்ஸின் வைப்பர் மோட்டர்: பலம் உண்டு,
பல்லுச்சில்லின் சத்தம்
பூசை நேரம் மிக்சி போட்டது மாதிரி.
ட்ரோன் மோட்டர்: பெருவிரல் அளவு,
நிமிசத்துக்கு இருபதாயிரம் சுற்று.
அதை உள்ளங்கையில் உருட்டி உருட்டி நின்றாய்,
மோதிரம் பார்க்க வந்த மாப்பிள்ளை கணக்காய்.
"இது பறக்கும் பெலிசியா."
அந்தப் படகில் ஒருநாளாவது போயிருக்கிறாயா நீ?
அது எப்போது பறந்தது?

கடைசியில், நொருங்கின வான்கள் இரண்டின்
ஏசி ஊதி மோட்டர்கள். ஒரே இனம்.
ஆறுதலாய்ச் சுற்றும். சூடாகாது. வாய் திறக்காது.
கடைக்காரர் பழைய பேப்பரில் சுற்றித் தந்தார்.

இரவு, குளிரறைக்குப் பின்னால்,
ஒன்றை வைஸில் இறுக்கினேன்.
சுற்றுகிற தண்டைத் துணியால் பொத்தி
மெல்ல மெல்ல நிறுத்தினேன்.
மீற்றர் மூன்றிலிருந்து முப்பத்தெட்டுக்குப் பாய்ந்தது.
ஓடும்போது அல்ல,
ஓடவிடாமல் பிடிக்கும்போதுதான்
மோட்டர் ஆகக் கூடக் குடிக்கிறது.
"மனுசரும் அப்படித்தான்..." என்று தொடங்கினாய்.
எழுது, முப்பத்தெட்டு அம்பியர், என்றேன்.
கொன்ட்ரோலர் அறுபதுக்கு. பியூஸ் இருபதுக்கு.

அன்ரெனாவை உச்சிக் கூரைக்குள் செருகினோம்,
உப்புத் தண்ணீர் சிக்னலை விழுங்கிவிடும்.
ரிசீவருக்கு முதலே சொல்லி வைத்தோம்:
எங்கள் சத்தம் கேட்காவிட்டால், நில்.

வேகத்துக்குக் கணக்குப் பார்த்தது கடைசியில்.
அதையும் பத்தால் பிரிப்பாய் என்று நினைத்தேன்.
இல்லையாம். பத்தின் வர்க்கமூலமாம்.
எட்டு நொட், இரண்டரை ஆகிறது.
"ஏன் அப்பிடி?"
"படகைச் சுருக்கலாம், தண்ணியைச் சுருக்கேலாது.
அலை தன்ர அளவிலதான் எழும்பும்."
லித்தியத்துக்காக உன்னை அப்போதே மன்னித்தேன்.

பண்ணைக் கடல், விடிய ஐந்தரை.
முப்பது யார் போனது, வடிவாக.
பிறகு இடது காற்றாடியில் சாதாளை சுற்றி
பியூஸ் போனது.
வலது மட்டும் தள்ள, படகு இடப்பக்கம் வளைந்து
வட்டம் வட்டமாய், ஒரே வட்டம்.
இறால் கூடோடு வந்தவர் நின்று கேட்டார்:
"என்ன தங்கச்சி, ஆக்களை ஏத்தியாச்சோ?"
நீ சப்பாத்தோடு இறங்கினாய்.
முழங்கால் மட்டும்தான் கடல்.

போனது ஒரு பியூஸ். மோட்டர் இரண்டும் குளிர்ந்துதான் கிடந்தன.
சாதாளையைப் பிடுங்கி, புதிதைச் செருகி,
திரொட்டிலைப் பாதிக்குக் கொஞ்சம் மேல் தள்ளினேன்.

இரண்டரை நொட் எவ்வளவு என்று
தாளில் எனக்குப் பிடிபடவில்லை.
இப்போது, ரிமோட்டோடு கரையால் நடக்கிறேன்,
கடைக்குப் போகிற மாதிரி,
படகு முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.
பக்கத்தில் அலை தன்ர அளவில்.

நீ பின்னால் வருகிறாய்,
தண்ணீர் ஒழுகும் சப்பாத்தைக் கையில் தூக்கியபடி:
"ஹோர்ன் ஒண்டு வைக்கவேணும்.
பன்னிரண்டு வோல்ற்றோ, இருபத்திநாலோ?"