குறிப்புப் பத்தி

விடிகாலை நாலரைக்கு இலை போட வேண்டும்.
கடைசித் தட்டை முடித்துத் திரும்பினால்
முதல் தட்டில் காம்புதான் கிடக்கும்.
நாலாம் தோல் உரித்து எழுந்த புழுவுக்கு
ஒரு வேளை தள்ளிப்போனாலும்
கூட்டில் எடை குறையும் என்பார் மாதேசன்.
சரிதான்.
பாலக்கோட்டுப் பயிற்சியில் படம் போட்டே காட்டினார்கள்:
பட்டு நூல் மொத்தமும் புரதம்,
இலையில் சத்தில்லாவிட்டால்
இழையில் நீளமில்லை.
தலையாட்டி எழுதிக்கொண்டேன்.
டீயோடு கொடுத்த இரண்டு பிஸ்கட்டை
அவருக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பிறகு ஒரு நாள்
தழைக்கட்டைத் தலைக்கு ஏற்றும்போது
மல்பெரித் தோட்டம் முழுசாக ஒருபக்கம் சாய்ந்தது.
நிமிர வெகுநேரம் ஆயிற்று.

மாரண்டஅள்ளி ஆஸ்பத்திரியில்
ரோஸ்லின் சிஸ்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
"காலைல என்ன சாப்பிடறீங்க?"
"டீ."
"டீயோட?"
"டீதான்."
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.
"காலைல வயித்துக்குள்ள புரோட்டீன் போகணும்.
முட்டையாவது வாங்குங்க."
வாங்குகிறோமே என்றேன்,
பேட்ச்சுக்கு நூறு முட்டைத் தொகுதி,
கடுகைவிடச் சின்னது, பொரித்தால் புழு.
சிஸ்டர் சிரிக்கவில்லை.

நாகவேணி ஓசூரிலிருந்து கொண்டுவந்து
அலமாரியில் வைத்துப் போன ஓட்ஸைப் பிரித்தேன்.
வெந்நீரில் கிளறினால்
தேர்தல் சமயத்துச் சுவரொட்டிப் பசை.
மறுநாள் பாலில் வேகவைத்து
வறுத்த கடலையை ஒன்றிரண்டாய் இடித்துக் கொட்டினேன்.
அதற்கு அடுத்த நாள்
முளைகட்டிய பயறை அரைத்து ராகி மாவில் கலந்து
இரண்டு முட்டை உடைத்து ஊற்றி
வெல்லம் தட்டிப்போட்டு
உள்ளங்கை கனத்துக்கு வார்த்தேன்.
"அம்மா, இதுக்குப் பேரு பேன்கேக்" என்றாள் போனில்.
பேர் எதுவானால் என்ன,
பதினொரு மணி வரைக்கும்
வயிறு என்னைக் கூப்பிடவில்லை.

ஒரு சிக்கல்.
தாளிக்கிற வாசம் புழுவுக்கு ஆகாது.
அடுப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாற்றினேன்,
காற்று கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் போகிற இடமாக.
"நீ என்ன போலீஸ் செலக்‌ஷனுக்கா போற?" என்றார் மாதேசன்.
நான் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.
கொஞ்ச நேரம் நின்றார்.
தட்டு எடுத்து வந்தார்.

புழு வளர்ப்பு அட்டை ஒன்று கொட்டகை வாசலில் தொங்கும்.
தேதி, வெப்பம், ஈரம், இலை எத்தனை கிலோ.
கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி,
இத்தனை வருஷமும் வெறுமையாகத்தான் இருந்தது.
அதில் எழுத ஆரம்பித்தேன்.
முட்டை இரண்டு. கடலை ஒரு பிடி.
ஓட்ஸ், பால், கொள்ளுப்பொடி. (கொள்ளு கசந்தது.)
முட்டை இரண்டு. தழைக்கட்டு தூக்கினேன்.
சுற்றவில்லை.

பார்வையிட வந்த ஆய்வாளர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
"முட்டை ரெண்டுன்னு போட்டிருக்கே,
எந்த ரகம் இது?"
"நாட்டுக்கோழி சார்."
அவர் அட்டையைப் பார்த்தார், புழுவைப் பார்த்தார்,
கடைசியாக என்னையும் பார்த்தார்.

கூடு இந்த முறை கெட்டியாக வந்தது.
என்னால் என்று சொல்ல மாட்டேன்,
மழை நின்றிருந்தது, இலை நன்றாக இருந்தது.
தர்மபுரி மார்க்கெட்டில் ஏலம் முடிந்து
பஸ் ஸ்டாண்டுக் கடையில்
ஒரு அட்டை முட்டை வாங்கினேன், முப்பது.
இருபது கிலோ கூட்டுக்குப் பிடிக்காத பத்திரத்தோடு
மடியில் பிடித்துக்கொண்டேன்.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த மாதேசனின் கை
குறுக்கே வந்து நின்றது,
முட்டைக்கா எனக்கா என்று கேட்கவில்லை.